ஷிப்டு முடிந்த கைக்கு எந்த எண்ணெய்?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டினால் பென்னலூர். பொறியியல் கல்லூரிப் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் பலருக்கு அந்த ஊர் நினைவில் நிற்கும். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் நிலம் இந்தியத் தொழில்துறையின் வரைபடத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. கிழக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாய். மேற்கே 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசி செய்த ஸ்ரீபெரும்புதூர். அதற்கப்பால் இன்று உலகமெங்கும் போகும் கைபேசிகளை ஆயிரக்கணக்கான பெண்கள் பூட்டிச் சேர்க்கும் சுங்குவார்சத்திரம். தெற்கே லாரி, டயர், மோட்டார் சைக்கிள் செய்யும் ஒரகடமும் வல்லமும்.

இந்தப் பகுதி கடலிலிருந்து அதிக தூரமில்லை. வருடத்தில் பாதி நாள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். இப்படிப்பட்ட ஊரில் தோல் வறட்சி ஒரு பெரிய குறையாக இருக்க நியாயமில்லை. இருந்தும் விரல் நுனி வெடிப்பும், புறங்கைச் சொரசொரப்பும், நகத்தால் கீறினால் வெள்ளைக்கோடு விழும் முழங்காலும் இங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புதிதல்ல. காரணம் வெளியே இல்லை, கூரைக்கு அடியில் இருக்கிறது.

மின்னணுச் சாதனங்களைப் பூட்டும் கூடங்களில் காற்றின் ஈரப்பதத்தை ஓர் அளவுக்குள் பிடித்துவைப்பார்கள். அதிகமானால் பாகம் கெடும், குறைந்தால் நிலைமின்சாரம் பாயும். வெளியே இருக்கும் காற்றைவிட இது நன்றாக உலர்ந்த காற்று. எட்டு மணி நேரம் அதற்குள் நிற்கிறவரின் தோலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுகிறது. ஈரப்பதம் குறைந்த பணியிடங்களில் வரும் தோல் தொல்லைகளைத் தனி வகையாகவே 1980-இல் பிரிட்டனில் ரைகிராஃப்ட், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அதோடு மணிக்கொருமுறை கை கழுவல், பாகம் துடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால், நாள் முழுக்கக் கையுறைக்குள் ஊறும் வியர்வை. வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் சி.என்.சி. எந்திரத்தில் நிற்பவர் என்றால் கூலன்ட். எண்ணெயும் நீரும் சோப்பு போன்ற பொருளும் கலந்த அந்தத் திரவம் தோலின் கொழுப்பை வழித்தெடுப்பதில் கெட்டிக்காரத்தனம் கொண்டது.

அறைக்கு வந்தால் போர்வெல் உப்புத் தண்ணீர். கடின நீரில் குளித்தால் சோப்பின் மிச்சம் தோலில் கூடுதலாகப் படிந்து தங்கி எரிச்சலூட்டுகிறது என்பதை 2018-இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சைமன் டான்பி குழு அளந்து காட்டியது. மார்கழி, தை மாதப் பனியும் சேர்ந்துகொண்டால், விழுப்புரத்திலிருந்து வந்த பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞருக்கும் நாட்டு மருந்துக் கடையில் கேட்க ஒரே கேள்விதான் இருக்கும்: காஞ்சுபோன தோலுக்கு எந்த எண்ணெய் நல்லது?

கேள்வி எளிது. பதில் சொல்ல நூற்றுக்கணக்கான புட்டிகள் காத்திருக்கின்றன. நால்பாமராதி, பிண்ட தைலம், ஏலாதி, குங்குமாதி, அருகன் தைலம், வெட்பாலைத் தைலம், புங்கன் தைலம் என்று அலமாரி நிறைய ஆயுர்வேதமும் சித்தமும் அடுக்கிவைத்திருக்கின்றன. இவற்றில் வேலை செய்வது எது, மூலிகையா, மூலிகையைத் தாங்கும் எண்ணெயா, தேய்க்கும் நேரமா? இதைப் பிரித்துப் பார்த்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும்.

முதலில் தோல். மேல்தோலின் உச்சியில் இருப்பது தாளைவிட மெல்லிய ஒரு படலம். இறந்து தட்டையான செல்கள் அடுக்கடுக்காக இருக்க, அவற்றுக்கு இடையில் கொழுப்பு நிரம்பியிருக்கும். செங்கல்லும் சாந்தும் போல என்று அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் விளக்கிய அமைப்பு இது. அந்தச் சாந்தில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்ற மூன்றும் இருக்கின்றன. சோப்பும் ஆல்கஹாலும் கூலன்டும் கரைத்துக்கொண்டு போவது இந்தச் சாந்தைத்தான். சாந்து போனால் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியும், வெளியிலிருக்கும் எரிச்சல் பொருள் உள்ளே நுழையும். அரிப்பும் சிவப்பும் அதன் பிறகு வருபவை.

எண்ணெயில் நீர் இல்லை. ஆகவே எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை. இருக்கிற ஈரம் ஓடிவிடாமல் மூடிவைக்கிறது, சில எண்ணெய்கள் சாந்து கட்டுவதற்கான சரக்கையும் கொஞ்சம் கொடுக்கின்றன. முழுக்கக் காய்ந்து கிடக்கும் தோலில் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும், வறட்சி அப்படியே இருக்கும். குளித்து, துண்டால் ஒற்றி, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும் என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தமிழ் வீடுகளின் வழக்கம் இதற்கு நேர்மாறு. நாம் குளிப்பதற்கு முன்பு தேய்க்கிறோம். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் தலை முதல் பாதம் வரை தேய்த்து, ஊறவிட்டு, வெந்நீரில் சீயக்காயோ அரப்போ பாசிப்பயற்று மாவோ போட்டுக் கழுவுவது முறை. எண்ணெய் முழுக்கிட்டால் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று தேரையரின் பிணியணுகா விதியும் சொல்கிறது. சரக சம்ஹிதையும் வாக்படரின் அஷ்டாங்க ஹ்ருதயமும் அன்றாட ஒழுக்கத்தில் எண்ணெய் தேய்ப்பை வைக்கின்றன. தலை, காது, பாதம் மூன்றையும் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது வாக்படர் நூல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு உற்சவம் மார்கழியில் நடக்கிறது. தோல் அதிகம் காயும் பருவமும் அதுவே.

குளிக்குமுன் தேய்க்கும் முறை தவறா? இல்லை. அந்த முறையின் உயிர் கழுவும் பொருளில் இருக்கிறது. சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ இலேசான அமிலத்தன்மையில் இருந்தால்தான் நலமாக இருக்கும். சீயக்காயும் பயற்று மாவும் மிகுதி எண்ணெயை மட்டும் எடுத்து, மெல்லிய ஒரு பூச்சை உடம்பிலேயே விட்டுவிடுகின்றன. அதாவது, நம் பாட்டிமார் கழுவிவிட்டதாக நினைத்த எண்ணெயில் ஒரு பங்கு தோலிலேயே தங்கி வேலை செய்தது. இன்று விடுதிக் குளியலறையில் நடப்பது வேறு. விலையுயர்ந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, பத்து நிமிடம் நின்றுவிட்டு, பின்னால் வரிசையில் நிற்பவர் கதவைத் தட்டும்போது நுரை பொங்கும் சோப்பை இருமுறை போட்டு முழுவதையும் வழித்துவிடுகிறார்கள். தைலத்துக்குக் கொடுத்த பணம் சாக்கடைக்குப் போகிறது. வாரம் இருமுறை நிதானமாக எண்ணெய்க் குளியல் போட நேரமில்லாத ஷிப்டு வாழ்க்கைக்கு, குளித்தபின் ஈர உடம்பில் சில சொட்டு என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

இனி, எந்த எண்ணெய் என்ற கேள்வி. இங்கேதான் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் பயனுள்ள ஒன்றைச் சொல்லியிருக்கின்றன: எல்லா எண்ணெயும் தோலுக்கு ஒன்றல்ல. லினோலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் தோலின் தடுப்பைக் காக்கிறது. ஓலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் அந்தத் தடுப்பைக் குலைக்கவும் கூடும். 2013-இல் இதே டான்பி குழு 19 பெரியவர்களின் முன்கையில் ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் சில வாரங்கள் தடவச் செய்து பார்த்தது. சூரியகாந்தி தடவிய இடம் கெடாமல் இருந்தது. ஆலிவ் தடவிய இடத்தில் தோலின் உறுதி குறைந்தது, சிலருக்குச் சிவப்பும் கண்டது. வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் அன்பாகக் கொண்டுவந்து தரும் ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை வறண்ட தோலுக்கும் பிஞ்சுக் குழந்தைக்கும் பூசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

சூரியகாந்தியின் பெருமை டாக்காவில் நிலைநாட்டப்பட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் தோல் தாள்போல மெல்லியது. அதன் வழியாகவே கிருமி உள்ளே போகும். டாக்கா சிசு மருத்துவமனையில் கேரி டார்ம்ஸ்டாட் தலைமையில் நடந்து 2005-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சூரியகாந்தி எண்ணெய் தடவப்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 விழுக்காடு குறைவாக இருந்தது. இறப்பு 26 விழுக்காடு குறைந்ததாக 2008-இல் தொடர்ச்சி வெளிவந்தது. அந்த ஆய்வில் வாசலின் அடிப்படையிலான களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் இறப்பு 32 விழுக்காடு குறைந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தாவர எண்ணெய் என்பதால் மட்டும் அது வாசலினை வென்றுவிடுவதில்லை. நீர் வெளியேறாமல் மூடுவதில் வாசலினுக்கு ஈடான எண்ணெய் அரிது.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அதில் லினோலியிக் அமிலம் மிகக் குறைவு. பாதியளவுக்கு லாரிக் அமிலம். ஏட்டுக்கணக்குப்படி பார்த்தால் அது வறட்சிக்குச் சுமாரான எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் ஆளிடமே சோதித்துப் பார்த்தார்கள். 2004-இல் அகேரோவும் வெராலோ-ரோவலும் வறண்ட கால்கள் உடைய 34 பேரிடம் சுத்தத் தேங்காய் எண்ணெயையும் கனிம எண்ணெயையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு வறட்சியைக் குறைத்தன. 2014-இல் கரப்பான் வகைத் தோலழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்தபோது, நோயின் கடுமை தேங்காய் எண்ணெய்க் குழுவில் 68 விழுக்காடும் கனிம எண்ணெய்க் குழுவில் 38 விழுக்காடும் இறங்கியது. புண்ணில் குடியேறும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை லாரிக் அமிலம் அடக்குவது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வெட்பாலையையும் அருகையும் சித்த மருத்துவர்கள் தேங்காய் எண்ணெயில் ஏற்றிவைத்ததைப் பார்க்கும்போது, கை அனுபவம் சரியான பக்கத்தில்தான் நின்றிருக்கிறது என்று தோன்றுகிறது.

நல்லெண்ணெய் இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் லினோலியிக்கும் ஓலியிக்கும் ஏறக்குறையச் சரிபாதி, தலா நாற்பது விழுக்காட்டை ஒட்டி. சீக்கிரம் காறிப்போகாமல் காக்கும் செசமின், செசமோலின் போன்ற பொருள்களும் அதில் உண்டு. மாதக்கணக்கில் வைத்துத் தேய்க்க வேண்டிய தைலங்களுக்கு ஆயுர்வேதம் எள்ளெண்ணெயையே தாயாக எடுத்துக்கொண்டதற்கு இந்தத் தாங்கும் தன்மை ஒரு வலுவான காரணமாக இருந்திருக்கும். ஆலிவைவிட நல்லது, சூரியகாந்தியைவிட ஒரு படி கீழே என்று அதன் சேர்க்கையை வைத்து மதிப்பிடலாம். மரச்செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்கள்; சமையலுக்கு அது ருசி, தோலுக்கு அதனால் நட்டமில்லை.

கடுகெண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரகடம், வல்லம் பக்கத்து மளிகைக் கடைகளில் அது இன்று தேங்காய் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பீகார், ஒடிசா, அசாம், வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்களுக்கு அது சமையலறை மணம் மட்டுமல்ல, பிறந்த குழந்தையைத் தேய்த்த எண்ணெய், ஊர் நினைவு. ஆனால் அதன் காரத்துக்குக் காரணமான பொருளே தோலை எரிச்சலூட்டும் பொருள். சேதமான தோல் கடுகெண்ணெயால் தேறுவதில்லை, மீள்வது தாமதமாகிறது என்று டார்ம்ஸ்டாட் குழு எலிகளிடம் 2002-இல் கண்டது. ஆரோக்கியமான தோலுக்கு அதைத் தேய்த்துப் பழகியவரிடம் நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த கைக்கு மட்டும் வேறு எண்ணெய் எடுக்கச் சொல்லலாம்.

ஆக, புட்டியைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது மூலிகைப் பட்டியலை அல்ல, அது எந்த எண்ணெயில் காய்ச்சப்பட்டது என்ற வரியை.

அப்படியென்றால் மூலிகை வெறும் வாசனைக்கா? இந்த முடிவுக்கு அவசரப்பட்டுப் போய்விடக்கூடாது. தைலம் காய்ச்சுவது ஒரு நுட்பமான தொழில். சார்ங்கதர சம்ஹிதை தரும் பொதுக்கணக்கு: அரைத்த விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, கஷாயமோ சாறோ பாலோ பதினாறு பங்கு. சிறு தீயில் நீர் முழுக்கச் சுண்டும் வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விழுதை எடுத்து விரலிடையில் உருட்டினால் திரி போலத் திரள வேண்டும். அதை நெருப்பில் போட்டால் சடசடக்கக் கூடாது, சடசடத்தால் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். எண்ணெயின் மேல் நுரை கூட வேண்டும். மென்பதம், நடுப்பதம், முறுகுபதம் என்று மூன்று நிலை. மேலே தேய்ப்பதற்கு இறுதிப் பதத்துத் தைலமும் ஆகும். சித்தத்தில் இதையே மெழுகுபதம், மணற்பதம் என்பார்கள். ஆய்வுக்கூடக் கருவி ஏதும் இல்லாத காலத்தில், நீர் தங்கினால் தைலம் பூசணம் பிடித்துக் கெடும் என்று அறிந்து, காதால் கேட்டும் விரலால் தொட்டும் அதைச் சோதித்த அறிவு மதிக்கத்தக்கது.

ஆனால் வேதியியல் ஒன்றைச் சொல்கிறது. நீர் போய்விட்ட பிறகு எண்ணெயில் தங்குவது எண்ணெயில் கரைவது மட்டுமே. மஞ்சளின் குர்குமின், இலைப்பச்சை, வெட்டிவேரின் மணப்பொருள்கள் இறங்கும். நீரில் மட்டுமே கரையும் துவர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நான்கு பால்மரப் பட்டைகளின் பெயரில் விற்கும் நால்பாமராதியில் பட்டையின் துவர்ப்பு எவ்வளவு எண்ணெயில் இருக்கும் என்று யோசித்தால், அந்தத் தைலத்தின் பலனில் மஞ்சளுக்கும் தாய் எண்ணெய்க்கும் பெரிய பங்கு கொடுக்க வேண்டியிருக்கிறது. பிண்ட தைலத்தின் கதை இன்னும் சுவையானது. மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியத்தோடு அதில் தேன்மெழுகு சேர்கிறது. மெழுகு சேர்ந்ததும் எண்ணெய் கெட்டிப்பட்டுத் தோலின்மேல் நின்று மூடுகிறது. வாதநோய் எரிச்சலுக்காக எழுதப்பட்ட அந்தத் தைலம் பாதவெடிப்புக்குக் கேட்பதற்கு மூலிகையைத் தேடிப் போக வேண்டாம், மெழுகே போதுமான விளக்கம்.

மூலிகையே முன்னால் நின்று வேலை செய்யும் எடுத்துக்காட்டும் உண்டு. வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெய் ஆழ்ந்த ஊதா நிறத்துக்கு மாறும். அவுரியைப் போலவே நீலச் சாயம் தரக்கூடிய மரம் அது. காளாஞ்சகப்படை எனப்படும் சோரியாசிஸுக்குச் சித்த மருத்துவர்கள் இதைப் பரவலாகத் தருகிறார்கள். இதை அடிப்படையாகக் கொண்ட 777 எண்ணெய், பென்னலூரிலிருந்து அதிக தொலைவில்லாத குன்றத்தூரில் இயங்கும் நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. ஆனால் சோரியாசிஸ் என்பது வறட்சி அல்ல, உடலின் தற்காப்பு தடம்மாறி வரும் நோய். செதிள் உதிர்வது ஒன்றே என்பதால் இரண்டையும் ஒன்றாக்கி, வெறும் வறட்சிக்கு வெட்பாலைத் தைலத்தையும், சோரியாசிஸுக்கு வெறும் தேங்காய் எண்ணெயையும் தடவிக் காலம் கடத்துகிறவர்கள் நிறைய.

பெயர் தெரியாமல் தைலம் வாங்குவதில் வேறு அபாயமும் இருக்கிறது. மத்தன் தைலம் நாட்டு மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஊமத்தை இலைச்சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்ந்த அது ஆறாத புண்ணுக்கான மருந்து. உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பண்டம் அல்ல. பச்சையாக இருக்கிறது, மூலிகை என்று எழுதியிருக்கிறது என்பதற்காக அதை எடுக்கக்கூடாது. குங்குமாதித் தைலத்தை முகம் வெளுக்க என்று விற்பதும் இன்று பெருகியிருக்கிறது. வெளுப்பு வறட்சிக்கான மருந்தல்ல; அந்த விலைக்கு நல்லெண்ணெயும் சூரியகாந்தியும் வருடக்கணக்கில் வாங்கலாம்.

வாங்குவதானால் நம்பகமான கதவுகள் இருக்கின்றன. 1944-இல் தொடங்கி திருவான்மியூரில் இயங்கும் இம்காப்ஸ் கூட்டுறவு மருந்தகமும், 1983-இல் தமிழக அரசு தொடங்கிய டாம்ப்கால் நிறுவனமும் நூல்முறைப்படி தைலங்களைக் காய்ச்சுகின்றன. அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவுகளில் தைலம் இலவசமாகவே கிடைக்கும். 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானட்டோரியத்தில் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வண்டலூர் சாலையைப் பிடித்தால் வார விடுமுறை நாளின் அரைப்பொழுதில் போய்வந்துவிடலாம். எந்தப் புட்டியானாலும் உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்க்கைப் பட்டியல் இவை நான்கும் இல்லையென்றால் கீழே வைத்துவிடுவது நல்லது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்கும் உரிமம் கட்டாயம்.

எண்ணெய் எங்கே கூடாது என்பதையும் இந்தப் பகுதிக்காகச் சொல்லியாக வேண்டும். வண்ணம் பூசும் பிரிவில் வேலை செய்கிறவர் சிலிக்கோன் கலந்த கிரீமோ தலை எண்ணெயோ பூசிக்கொண்டு உள்ளே போனால், கார் மேல் விழும் பெயின்ட் குழிகுழியாக விலகிப்போகும். மின்னணுப் பலகையைத் தொடும் விரலில் எண்ணெய் இருந்தால் பற்றவைப்பு கெடும். ரப்பர்ப்பாலில் செய்த கையுறையை எண்ணெய் இளக்கிவிடும். நைட்ரைல் கையுறை தாக்குப்பிடிக்கும். ஆகவே இங்கே எண்ணெய்க்கு உரிய நேரம் ஷிப்டு முடிந்து குளித்த பிறகு, தூங்கப்போகும் முன்பு. வெடித்த கையில் தடவி மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்குவது பழைய வழி, இன்னும் சிறந்த வழி.

உடம்பிலும் எண்ணெய் ஆகாத இடங்கள் உண்டு. தொடையிடுக்கிலும் அக்குளிலும் வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் அது படர்தாமரை. ஈரமான ஊரில் காளான் தொற்றின்மேல் எண்ணெய் பூசி மூடினால் அது பரவும். பொடுகை வறட்சி என்று எண்ணித் தலையில் எண்ணெயை ஊற்றுவதும் அப்படியே. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற நுண்ணுயிர் கொழுப்பைத் தின்றே வாழ்கிறது. வெளுத்து, உணர்ச்சி மங்கி, வியர்க்காமல் காய்ந்த ஒரு திட்டு இருந்தால் எண்ணெயை எடுக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொழுநோய் முதலில் அப்படித்தான் தலைகாட்டும், முழுக்கக் குணமாகும். உடம்பு முழுக்கத் திடீரென்று வறண்டால் சர்க்கரையும் தைராய்டும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு வழக்கத்தை வெளிப்படையாகவே எதிர்க்க வேண்டியிருக்கிறது. எண்ணெய்க் குளியலின்போது பிள்ளையின் மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது இன்றும் கிராமங்களில் உண்டு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கபவாதம் போன்ற நோயைத் தருகிறது. தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இத்தகைய நிமோனியாவைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. தோலுக்கு எண்ணெய் தேய்க்கலாம், மூக்குக்குக் கூடாது. தினமும் எண்ணெயோ கிரீமோ தடவினால் குழந்தைக்குப் பின்னால் கரப்பான் வராது என்ற நம்பிக்கையையும், ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்து 2020-இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு ஆதரிக்கவில்லை. இருக்கும் வறட்சிக்குத் தடவுவது வேறு, வராமல் தடுக்கத் தடவுவது வேறு.

புதிய தைலம் எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுத் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு மேலே போவது பாதுகாப்பு. எள்ளுக்கும் கரிசலாங்கண்ணிக்கும் ஒவ்வாமை வருவோர் உண்டு. இரண்டு வாரம் ஒழுங்காகத் தடவியும் தேறவில்லையென்றால் யூரியா அல்லது கிளிசரின் கலந்த கிரீமுக்கு மாறலாம். நீரை இழுத்துப் பிடிக்கும் அந்த வேலையை எண்ணெய் செய்யாது. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்றில்லை, கிரீமின்மேல் எண்ணெயும் தடவலாம்.

எண்ணெயால் தீராத பங்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்தத் தொழில்பேட்டைக்கு அதுதான் முக்கியம். ஒருவருடைய கை வேலை நாட்களில் வெடித்து, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் தேறி, திரும்பி வந்த வாரமே மறுபடி வெடித்தால், அது பருவத்தின் குற்றமும் அல்ல, அவர் எண்ணெய் தேய்க்க மறந்த குற்றமும் அல்ல. ரசாயனமும் பெயின்டும் நேரடியாகப் படுவதால் வரும் தோலழற்சி 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகவே எழுதப்பட்டது. அந்த வரியைத் தெரிந்துவைத்திருக்கும் தொழிலாளர்கள் மிகச் சிலர். தெரிந்தவர்களும், கையைக் காட்டினால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், குறிப்பாக ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள், இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு காலையில் கையுறைக்குள் கையை மறைத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்குச் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வேலைக்கேற்ற கையுறையும், வியர்வையில் ஊறியதும் மாற்றிக்கொள்ள இரண்டாவது ஜோடியும் வேண்டும். கழுவும் தொட்டியில் காரச் சோப்புக்குப் பதில் மென்மையான கழுவுநீர் வைக்க வேண்டும். கூலன்டின் அடர்த்தியை ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். ஷிப்டு முடிந்து வெளியேறும் கதவருகே சிலிக்கோன் இல்லாத ஒரு கிரீம் புட்டியை மாட்ட வேண்டும். விடுதிகளில் குளிப்பதற்காவது உப்பு குறைந்த தண்ணீர் வர வேண்டும். தொழிற்சாலை மருத்துவ அறைக்கு வருகிற ஒவ்வொரு வெடித்த கைக்கும், என்ன வேலை, எந்த லைன், எதைத் தொடுகிறார் என்ற மூன்றையும் பதிவேட்டில் எழுதும் வழக்கம் வந்தால், ஒரே லைனிலிருந்து ஐந்தாவது கை வரும்போது எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.